போர்டின் வலது கீழ் மூலை

முந்தாநாள் கொழும்பில் உன் போர்டைப் பார்த்தேன்.

ஆசிரியர் பயிற்சிக்காக மூன்று நாள் வந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் வகுப்பு இல்லை. தெருமுனையில் கண்காட்சி என்று எழுதியிருந்ததைப் பார்த்து, பழைய பழக்கம் விடாமல் உள்ளே போனேன். ஒரு பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்துக் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். கடைவீதிகளிலிருந்தும் லொறிகளிலிருந்தும் கழற்றி வந்த பழைய பலகைகளையும் தகரங்களையும் சுவரில் மாட்டியிருந்தார்கள். இரண்டாவது அறையில் கால் வைத்ததும் அந்த வாசனை வந்தது. கரிந்த மரமும் பழைய எனாமலும் சேர்ந்த வாசனை. அங்கே நின்ற மற்றவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

நியூ லைட் துணிக்கடைப் போர்டு. இடது பக்கம் கால்வாசி கரியாகிவிட்டது. மிச்சத்தில் பெரிதாக உன் சிங்கள எழுத்து, அதற்குக் கீழே சின்னதாக உன் இங்கிலீஷ். வலது கீழ் மூலையில் நீ கத்தியால் சுரண்டிய இடம். நீ பச்சையில் போடும் தேயிலைத் தளிரில் ஒரு இலை போய்விட்டது. மற்ற இலையும் நடு மொட்டும் அப்படியே இருக்கின்றன. அந்த மூலையிலிருந்து ஒரு நீளமான கீறல் புறப்பட்டு, எழுத்துகளின் அடியை அறுத்துக்கொண்டு இடப்பக்கமாக மூன்று சாண் ஓடி, கீழ் விளிம்பில் வெளியேறுகிறது.

பக்கத்தில் ஒரு சின்ன அட்டை: கடைப் பலகை, மலைநாடு, எழுதியவர் பெயர் தெரியவில்லை.

கூடத்தை நடத்துகிறவர் நரைத்த கட்டை முடி வைத்த ஒரு அம்மா. யாரோ இருவருக்குச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். பழைய மரச்சாமான் விற்கிறவரிடம் கிடைத்ததாம். எழுத்துகள் மேலே கனத்தும் கீழே மெலிந்தும் இருப்பதைக் காட்டி, பயிற்சி இல்லாத கையின் வெகுளித்தனம் என்றார். பிறகு அந்தக் கீறலின் மேல், தொடாமல், விரலை ஓட்டினார். "இந்தக் கோடுதான் இதற்கு உயிர். ஒரே வீச்சு. படித்த ஓவியனுக்கு இந்தத் துணிச்சல் வராது."

நான் நகராமல் நிற்பதைப் பார்த்து என் பக்கம் திரும்பினார். மலைநாடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதை எழுதியது யாரென்று ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அந்தக் கோடு எப்படி விழுந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருடமாக அதைப் பொய்யாகவே சொல்லி வந்திருக்கிறேன். இப்போது மலைநாட்டுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்டி ஆடுவதால் எழுத்து கோணுகிறது, நீ பார்த்தால் திட்டுவாய். ஊர் போய்ச் சேர்வதற்குள் உன்னிடம் அதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

நீ தூரிகை பிடித்ததே ஒரு வெட்டில் தொடங்கியது. லிந்துலைக்கு மேலே நம் கடைவீதியில் உன் அண்ணன்தான் போர்டு பெயின்டர். எழுபத்தேழுக் கலவரத்தில் ஆட்கள் தோட்டத்துக்குள் புகுந்தபோது, லயத்து வீட்டு வாசலில் கையை உயர்த்தித் தலையைக் காத்துக்கொண்டார். தலை தப்பியது. வலது கை மணிக்கட்டோடு போனது. வெட்டுப்பட்ட இடத்தை நீ கொழுந்துச் சாக்கால் இறுக்கிக் கட்டி, அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாய். அன்று உன் பாவாடையில் காய்ந்த ரத்தம் கடைசிவரை போகவில்லை என்று அதையே பெயின்ட் துடைக்கும் துணியாக்கிவிட்டாய். மூன்று மாதம் கழித்து, டப்பாவில் பெயின்ட் இறுகுகிறது என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனாய்.

நான் அப்போது பேராதனையில் முதல் வருடம். நம் தோட்டத்தில் சர்வகலாசாலை வாசலை மிதித்த முதல் ஆள் என்று எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் நின்றேன். விடுமுறைக்கு வந்தால் உனக்கு ஏணி பிடிப்பேன். கடைக்காரர்களிடம் பேசவே எனக்கு நாக்கு எழாது.

"ஏய் பட்டதாரி, ஏணியப் புடின்னா என்னாடி கனா கண்டுக்கிட்டு நிக்கிற? நான் விழுந்தா ஒன் சர்ட்டிபிகேட்டு வந்து தாங்குமா?" என்பாய் மேலிருந்து.

ஒரு பெண் ஏணியில் நிற்பது கடைவீதிக்குப் பெரிய வேடிக்கை. ஒரு நாள் லொறி கிளீனர் ஒருவன் உன் கணுக்காலைப் பிடித்து, "எறங்கி வா, கொழுந்து பறிக்கப் போவோம்" என்றான். நீ தூரிகையைப் படுக்கையாகப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல், குதிகாலை அவன் வாயில் இறக்கினாய். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கல்லைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். நீ இறங்கி, கை நடுங்காமலிருக்க ஊன்றி எழுதுவாயே அந்தக் குச்சியால், காதோடு சேர்த்து ஒன்று போட்டாய். அவன் உட்கார்ந்துவிட்டான். நீ மறுபடி ஏறி, பாதியில் நின்ற எழுத்தின் வளைவை முடித்தாய்.

"பாதியில விட்டா காஞ்சு தடம் விழுந்துரும்" என்றாய். ஏணியின் கீழ்ப் படியில் அவன் ரத்தம். என் கை அதே படியில் இருந்தது.

அந்த அம்மா வெகுளித்தனம் என்று சொன்னது என்னவென்று எனக்கு நீ அன்றைக்கே காட்டியிருக்கிறாய். எழுத்தின் தலையை ஏன் தடிப்பாகப் போடுகிறாய் என்று கேட்டேன். நீ என்னைத் தெருவின் நடுவுக்கு இழுத்துப்போய், போர்டை அண்ணாந்து பார்க்கச் சொன்னாய். கீழிருந்து பார்க்கும்போது தலை தூரத்தில் இருப்பதால் சுருங்குகிறது. தடிப்பு சரியாகி, எழுத்து தூண் மாதிரி நேராக நின்றது.

"எட்டி நின்னு பாக்குறவங்களுக்கு எழுதுறவன் வேற. நான் நிமிந்து பாக்குறவங்களுக்கு எழுதுறேன்."

அந்தக் கண்ணோடுதான் நீ கண்காட்சிகளுக்கு வந்தாய். முதலில் கண்டி. இலவசம் என்று நான் எழுதிய தபால் அட்டையைப் பார்த்து, இருந்த ஒரே நைலெக்ஸ் புடவையில் முதல் பஸ் பிடித்து வந்தாய். உள்ளே போனதும் எல்லோரும் படங்களுக்கு முன்னால் நின்றார்கள். நீ பக்கவாட்டில் போய் நின்றாய். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் விட்ட இடத்தை விரற்கடையால் அளந்தாய். அட்டைகளில் எழுத்துக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். காவலுக்கு இருந்த முஸ்லிம் நானா வந்தார்.

"என்ன தங்கச்சி, படம் பாக்க வந்தீங்களா, செவரு பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும்தாங்க நானா. அந்த மூணாவது படத்துக்கு ஆணி கோணலா அடிச்சிருக்காங்க. இன்னிக்கே விழுந்துரும்."

"நாலு நாளா தொங்குது, விழல்ல. நீங்க பாத்ததும் விழப்போகுதா?"

நாம் படியிறங்கும்போது உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பயந்துபோய், நம்மைப் பிடிப்பார்கள் என்று உன் கையை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடுவது எனக்கு எப்போதும் முதலில் வருவது.

அங்கே ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இருந்ததே, நினைவிருக்கிறதா? சிவப்புப் புடவை, வெள்ளைப் பல், பின்னால் நீல மலை. நீ அவள் கைகளுக்குக் கிட்டே மூக்கை வைத்துப் பார்த்தாய்.

"இவ கையில ஒரு வெடிப்பு கூட இல்லடி. காலுல அட்டை கடிச்ச ரத்தம் இல்ல. கூடைக் கயித்த தோள்ல மாட்டியிருக்கா, இந்த பாரத்துக்கு தோளு கழண்டுரும். சிரிச்சுக்கிட்டே சாவப்போறா பாவம்."

பக்கத்தில் நின்ற படித்த ஆண் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவர்தான் வரைந்தவர் என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கூச்சத்தில் உயிர் போனது. நீ அவரிடமே போய், "மலை நல்லா வந்திருக்குங்க" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு வந்தாய்.

அதன்பின் எங்கே கண்காட்சி என்று கேள்விப்பட்டாலும் போனோம். நான் பட்டம் வாங்கி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம், கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்க ஒரே படம். சிவப்பை வாளியால் வீசியடித்த மாதிரி இருந்தது. நடுவில் உடைந்த கை கால்கள். வன்முறையை இவ்வளவு உண்மையாக யாரும் வரைந்ததில்லை என்று ஒருவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உனக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நீ வெகுநேரம் பார்த்தாய்.

"ரத்தம் இப்புடி செவப்பா இருக்காது. மொதல்ல இருக்கும். அரை மணி நேரத்துல தேயிலைத் தூள் நெறமாயிரும். ஈ வரும். இவரு ஈய வரையல."

உன் வலது கை, இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் நான் அதைச் சொன்னேன். படங்களின் மூலைகளைக் காட்டினேன்.

"எல்லாரும் மூலையில பேரு போட்டிருக்காங்க. ஒன் போர்டுல மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?"

"போர்டுல கடைக்காரரு பேருதான் இருக்கணும். எம் பேரு எதுக்கு?"

"நீ எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சு?"

"தெரியணும். இவங்கள விட நீ ஒசத்தி. ஒண்ணும் போடாம விட்டா நாளைக்கு யாரு எழுதுனான்னே தெரியாமப் போயிரும்."

நான் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நீ கேட்டதில்லை. ரயிலில் நானுஓயா வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் போட்டாய். மூன்றே கோடு.

"பேரு வேணாம். இது போதுமா?"

போதும் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் பேச்சை ஒருத்தி கேட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நாம் இரண்டு பேரும் யோசிக்காதது ஒன்று இருந்தது. எழுபத்தேழுக்குப் பிறகு நம் ஆட்களின் கடைகளில் தமிழ் எழுத்தே வேண்டாம் என்றார்கள். சிங்களம் பெரிதாக, இங்கிலீஷ் சின்னதாக. பெயரையும் மாற்றினார்கள். ஸ்ரீ மீனாட்சி துணிக்கடை முதலாளி உன்னிடம், "மீனாட்சிய உள்ள படமா வச்சுக் கும்புட்டுக்கிறேன். வெளியில நியூ லைட்டுன்னு போடு தாயி" என்றாரே. வெளியூர்க்காரன் ஒருவன் தெருவில் நடந்தால் எது யார் கடை என்று தெரியக்கூடாது. அதற்காகவே எழுதிய போர்டுகள் அவை. சிங்களக் கடைக்காரர்களுக்கு அவர்களுடைய பெயின்டர் இருந்தார். பேக்கரி நடத்திய சிங்கள நோனா ஒருத்தியைத் தவிர உன்னைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் நம் ஆட்கள். அந்த ஒவ்வொரு போர்டின் மூலையிலும் நாம் பச்சையில் அடையாளம் போட்டு வைத்தோம்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் படக்காரர்கள் பார்க் ஓரமாகக் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிடுவார்கள். எண்பத்து மூன்றில் நீயும் மாதிரிக்கு ஒரு போர்டைக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தாய். தொப்பி போட்ட ஒரு அம்மா வந்து, இது படமா அறிவித்தலா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். ஆனால் மேல் டவுன் என்று நாம் சொல்லும் நுவரெலியா வியாபாரிகள் மூலையிலிருந்த தளிரைப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் எலை போட்ட போர்டு வேண்டும் என்று கேட்டு மூன்று பேர் ஆள் அனுப்பினார்கள். நீ சந்தோஷத்தில் அண்ணனுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்தாய். இடது கையால் போட வசதியாகப் பெரிய பொத்தான் வைத்தது.

அவர் அந்தச் சட்டையோடுதான் ஆடி மாதத்தில், கலவரம் மலைக்கு ஏறிய அன்று காலை ஓடி வந்தார். கடைவீதி அடைத்துக் கிடந்தது. மேல் பக்கம் புகை. நீயும் நானும் உன் வீட்டு வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"மேல டவுன்ல போர்டு மூலையப் பாத்துப் பாத்து பத்த வைக்கிறானுங்க. எலை இருந்தா தமிழ்க் கடைன்னு எவனோ சொல்லிக் குடுத்துட்டான். கதவ வெளியில பூட்டிட்டு நெருப்பு வச்சிருக்கானுங்க. லொறி நம்ம பக்கந்தான் எறங்குது."

நீ கோப்பையைக் கீழே வைத்தாய். என்னைப் பார்த்தாய். "நீ சொன்னதுதானடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஏணிய எடு" என்றாய்.

பெயின்டை எடுத்துப் பூசிவிடலாமே என்றேன். "புதுப் பெயின்டு பளிச்சின்னு காட்டிக் குடுத்துரும். சுரண்டுனா பழைய போர்டு உரிஞ்ச மாதிரி இருக்கும்" என்றாய். அந்த நேரத்திலும் உனக்குக் கண் அப்படித்தான் வேலை செய்தது. அண்ணன் கடை கடையாகப் போய், உள்ளே இருந்தவர்களைப் பின்பக்கமாக ஆற்றுக்கு இறங்கச் சொல்லித் தட்டிக்கொண்டு போனார். நீ தட்டைக் கத்தியோடு ஏறினாய். நான் பிடித்தேன். பச்சை எனாமல் பொடியாக என் தலையில் உதிர்ந்தது. ஒரு கடை முடிந்ததும் அடுத்த கடை.

பேக்கரிக்கு முன்னால் ஏணியைச் சாய்த்தபோது நோனா கதவைத் திறந்து வந்தார். நம் இருவரையும் "துவ" என்று மகளாகத்தான் கூப்பிடுவார்.

"என்ட போர்டு வேணாம் துவ. அந்த எலை இருக்கட்டும். நம்ம போர்டிலயும் இருந்தா அவனுக்கு எப்பிடித் தெரியும், யாரு கடைன்னு?"

"நோனா, ஒங்களுக்கும் வச்சுருவானுங்க."

"வரட்டும் பாக்க. நீ போ, மத்தத சுரண்டு."

கடைசி போர்டு நியூ லைட். அங்கே தெரு சரிவு. மழையில் கல் வழுக்கும். கீழே ஒருவர் பிடிக்காவிட்டால் ஏணி இடப்பக்கம் நழுவும் என்று நமக்கு முன்பே தெரியும், அந்தப் போர்டை எழுதியபோதே ஒரு தடவை நழுவியது. கடைக்குள் முதலாளியின் குடும்பம் இன்னும் இருந்தது. பெரியவர் நடக்கமாட்டாதவர். அண்ணன் உள்ளே போய் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நீ முதல் இலையைச் சுரண்டி முடித்தாய். அப்போது வளைவில் லொறிச் சத்தம் கேட்டது. லொறியின் மேல் நின்றவர்கள் கையில் வைத்திருந்த கம்பிகளும் கத்திகளும் தெரிந்தன. தலையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"வந்துட்டாங்கடி" என்றேன்.

இனி வருவதைத்தான் நான் மாற்றிச் சொல்லி வந்தேன். உன் அண்ணனிடம், என் அம்மாவிடம், சாவு வீட்டில் கேட்ட எல்லோரிடமும், "ஏணியை விட்டுட்டு ஓடுடின்னு அவதான் சொன்னா" என்று அழுதேன். எல்லோரும் என் தலையைத் தடவினார்கள்.

நீ அப்படிச் சொல்லவில்லை. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னுங் கொஞ்சம்டி. புடி" என்றாய்.

நான் விட்டேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கத்தி பலகையை அறுத்துக்கொண்டு போகும் சத்தம், நீளமாக. அதுதான் அந்தக் கோடு. விழும்போது நீ பிடித்துக்கொள்ள உன்னிடம் இருந்தது அந்தக் கத்தி மட்டும்தான். நான் திரும்பவில்லை. ஓடி வந்த என்னை நோனா சடையைப் பிடித்துப் பேக்கரிக்குள் இழுத்து, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலில் போய் நின்றார். பலகை இடுக்கில் எனக்குத் தெருவின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. அந்தத் துண்டில் நீ இருந்தாய்.

இடுப்பில் அடிபட்டு உன்னால் நேராக நிற்க முடியவில்லை. நியூ லைட் கதவில் முதுகை வைத்து எழுந்தாய். கையில் அந்தத் தட்டைக் கத்தி. முதலில் வந்தவனின் கன்னத்தைக் காதுவரை கிழித்தாய். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததில் மற்றவர்கள் ஒரு கணம் நின்றார்கள். நீ அவர்களைப் பார்த்து ஏதோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஒருவன் பக்கவாட்டிலிருந்து கம்பியால் உன் கையில் அடித்தான். கத்தி விழுந்தது. அடுத்தது தலையில். அதற்குப் பிறகு அவர்கள் உன்னைச் சுற்றி நின்றதால் கைகள் மேலே போவதும் கீழே வருவதும் மட்டும்தான் தெரிந்தன. எவ்வளவு நேரமென்று தெரியாது. நீ விழுந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. பிறகு கடைக்குப் பெட்ரோல் ஊற்றினார்கள். அந்த நேரத்துக்குள் உள்ளே இருந்தவர்களை அண்ணன் பின்பக்கமாக ஆற்றுக்கு இறக்கிவிட்டார், பெரியவரை முதுகில் சுமந்து. ஒருவரும் சாகவில்லை. பேக்கரியில் கண்ணாடி உடைந்தது. நோனா சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்திய வசவில் லொறி நகர்ந்தது.

மழை வந்து நெருப்பை அணைத்தது. உன் ரத்தம் கல்லில் தேயிலைத் தூள் நிறமாகியிருந்தது. ஈக்கள் வந்தன.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் என்னிடம் மறுபடி கேட்டார். "ஓடச் சொன்னாளா, நெசமாவா?" ஆமாம் என்றேன். அவர் வெகுநேரம் மொண்டிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "எந்த வேலையையும் பாதியில விடமாட்டாளே அவ" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

ஆனாலும் கண்காட்சிகளுக்குப் போவதை நான் விடவில்லை. தனியாகப் போகிறேன். முதலில் ஆணியைப் பார்க்கிறேன். பிறகு வலது கீழ் மூலை. அதற்கப்புறம் வெளியே போகும் கதவு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். இந்த வருடமும் எங்கும் வெட்டும் குத்தும்தான். வரும்போது ஒரு பாலத்தடியில் டயர் எரிந்துகொண்டிருந்தது. டயருக்குள் யார் என்று பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் யார் பெயரையும் யாரிடமும் சொல்லாமலிருப்பது நல்லது என்று முந்தாநாள் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நேற்று முழுக்க வகுப்பில் ஒன்றும் காதில் ஏறவில்லை. பெயர் தெரியவில்லை என்ற அந்த அட்டை கண்ணுக்குள் இருந்தது. அப்படி ஆகக்கூடாது என்றுதான் உன்னை அந்தத் தளிரைப் போட வைத்தேன்.

இன்று காலை ரயிலுக்கு முன் அங்கே போனேன். அந்த அம்மா அப்போதுதான் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். என் சிங்களம் நடுவில் நடுவில் அறுந்தது.

"அந்தப் போர்டை மாட்டியிருக்கும் இடம் பிழை" என்றேன்.

அவருக்கு முகம் சற்று மாறியது. எப்படிப் பிழை என்று கேட்டார்.

"மேலே மாட்டுங்கள். பத்தடிக்கு மேலே. இதை எழுதியவள் நிமிர்ந்து பார்ப்பவர்களுக்காக எழுதினாள்."

எழுதியவள் என்ற சொல்லை அவர் கவனித்தார். அங்கே வேலை செய்யும் வயதானவரைக் கூப்பிட்டு ஏணி கொண்டுவரச் சொன்னார். மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்புத் தரை. ஏணியின் கால் அதில் நிற்கவில்லை. நான் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். அவர் ஏறினார். அம்மாவும் நானும் போர்டைத் தூக்கிக் கொடுத்தோம். கரி என் சேலையெல்லாம் ஒட்டியது. அவர் ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுத்தியலை எடுத்தார். நான் மறுபடி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா அறையின் நடுவுக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்கு முதுகுப் பக்கம் அவர் குரல் மட்டும் கேட்டது. "எழுத்து நேராகிவிட்டது." பிறகு, "யார் அவள்?" என்றார்.

என்னால் திரும்ப முடியாது. ஏணியை விடக்கூடாது. சுவரைப் பார்த்தபடியே உன் பெயரைச் சொன்னேன், முழுப் பெயரை, அப்பா பெயரோடு. இருபத்தாறு வயது என்று சொன்னேன். மூலையில் இருப்பது என்ன, அதை ஏன் சுரண்டினாள் என்று சொன்னேன்.

"அந்தக் கோடு அவள் போட்டதில்லை. நான் ஏணியை விட்டேன். அப்போது விழுந்தது."

மேலே ஆணி அடிக்கும் சத்தம் மட்டும். ஏணி ஒருமுறை அசைந்தது. இறங்குகிறாரா என்று மேலே பார்த்தேன்.

"தவ டிக்கக்" என்றார் அவர், ஆணியைக் கடித்த வாயோடு. இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம்.

பிடித்தேன். எனாமல் பொடி ஒன்றிரண்டு என் தலையில் உதிர்ந்தது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது, மாற்றிப் பிடித்தேன். அவர் கடைசி ஆணியை அடித்து, போர்டை அசைத்துப் பார்த்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். பழைய செருப்பு, வெடித்த குதிகால்.

"சரி துவ, விடு" என்றார்.

அவருடைய இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகும் நான் ஏணியை விடவில்லை.